இருபத்தெட்டாம் நாள்

நீர்த்தொட்டியில் ஊறிக் கிடந்த கான்கிரீட் கட்டி
எட்டுக் கிலோ சொச்சம்.
முகத்தில் ஆணியால் கீறிய தேதி,
கீழே 'லி.சு. 3':
மூன்றாம் மாடி, லிப்ட் சுவர்.

எந்திரத்தின் தாடைக்குள் வைத்தேன்.
முப்பது டன், முப்பத்தைந்து, நாற்பது
என்று நான் சொல்லச் சொல்ல
சுபல் மாஜி ஒடியாவில் எண்ணினான்.
நாற்பத்து மூன்றில்
மண்டை வெல்லம் உடைகிற சத்தம்.
ஐம்பத்தேழாவது தாங்கியிருக்க வேண்டும்.

ஏழாம் நாள் கட்டியை உடைத்தது யார் என்று நோட்டைப் புரட்டினேன்.
'கரண்ட் இல்லை' என்றிருந்தது.
ராயக்கோட்டை சாலையில் அதற்குள்
அந்தச் சுவரின் தலைமேல் இன்னும் இரண்டு மாடி.

சைட் இன்சார்ஜ் திம்மராயன் வந்தார்.
கெட்டவர் இல்லை,
மகள் கல்யாணத்துக்கு எனக்கு நேரில் பத்திரிகை வைத்தவர்.
"கட்டி போட்ட பையன் சரியாக் குத்தலை மேடம்.
சுவர் நல்லாத்தான் இருக்கு, தட்டிப் பாருங்க."
தட்டினேன்.
தட்டினால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.
"வெள்ளிக்கிழமை ஆடிட்.
தொட்டியில வேற கட்டி ஊறுது பாருங்க"
என்றார், என்னைப் பார்க்காமல்.

மேசையில் மூன்று பதிவேடு.
சிவப்பு அட்டையில் 'நூலிழையில் தப்பியவை' என்றொரு பக்கம்,
ஆறு மாதமாக வெள்ளை.
போன செவ்வாய் நாலாம் மாடியிலிருந்து
ஒரு ஸ்பேனர் விழுந்தது.
விழுந்த இடத்தில் அரை நிமிடம் முன்புவரை
சுபல் குந்தியிருந்தான்;
பீடிக்கு நெருப்பு கேட்க எழுந்தான்.
"ஒண்ணும் ஆகலையே, எதை எழுதுவீங்க?"
ஒன்றும் ஆகாததைத்தான் எழுத வேண்டும்.
ஆன பிறகு எழுத
வேறு ஆட்கள் ஜீப்பில் வருவார்கள்.

நீல அட்டைக்குள் ஒரு மாவிலை.
பக்கத்துத் தோப்பு நாராயணப்பா கொண்டுவந்தது.
பெங்களூரா, அறுபது மரம்.
சண்டைக்கு வரவில்லை.
இலையை மேசையில் வைத்து
விரலால் ஒரு கோடு இழுத்தார்.
கோடு மட்டும் பச்சை.
"பூ எடுக்கிற நேரம்மா."
அன்றிலிருந்து தூசி அடக்கத் தண்ணீர் லாரி,
பில்லில் இரண்டு வேளை,
பாதையில் ஒரு வேளை.
அதையும் எழுதினேன்.

பச்சை அட்டையில் நாற்பத்து மூன்று என்று எழுதி
சுவரில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டேன்.
துளைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை மேல்மாடி வேலை நிற்க வேண்டும்
என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அடித்தேன்.
அடிக்கும்போது வீட்டுக் கடன் தவணை ஞாபகம் வந்தது,
மாதம் ஏழாம் தேதி.
அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு
டீயில் ஆடை படியும்வரை இருந்தேன்.
பிறகு அழுத்தினேன்.

ஓசூரிலிருந்து எந்திரம் வந்தது.
வைரப் பல், தண்ணீர் பீச்சல்,
சாம்பல் சேறு எங்கள் பூட்ஸ்மேல் வழிந்தது
(சேற்றைத் தோப்புப் பக்கம் போகவிடாமல்
மணல் மூட்டை அடுக்கியிருந்தேன்).
உருளை வழுக்கி வெளியே வந்தது.
நடுவில் தேன்கூடு.
ஈ இல்லை, தேன் இல்லை,
சிமெண்ட் எட்டாத ஜல்லி
ஒன்றின் தோளில் ஒன்றாய் நின்றுகொண்டிருந்தது.

திம்மராயன் அதைக் கையில் வாங்கினார்.
பொந்துக்குள் சுண்டுவிரலை நுழைத்தார்.
எடுக்க நேரமாயிற்று.
"மேல இருக்கிற பசங்களை இறங்கச் சொல்லுங்க" என்றார்,
யாரிடம் என்றில்லாமல்.

இடிப்பதா, முட்டுக் கொடுத்துக் கட்டுவதா,
திங்கட்கிழமை சொல்வார்கள்.
என் வேலை பற்றியும் அன்றைக்கே சொல்லக்கூடும்.

சுவரில் கை நுழைகிற ஓட்டை.
அதன் வழியே சையத் பாஷா மலை,
யாரும் தண்ணீர் ஊற்றி ஆற்றாத பாறை,
வெயிலில் முழுசாகத் தெரிந்தது.
சுபல் கண்ணை வைக்கப் போனான்.
ஹெல்மெட் விளிம்பு இடித்தது.
கழற்றக் கை தூக்கியவன்
என்னைப் பார்த்துவிட்டு,
தலையை ஒருக்களித்துப்
பார்த்தான்.